மாம்பழ விழுகைத் துறை

பிரகலாதன் போன வருடம் குடாநாடு முழுக்க மூன்று மாதம் அலைந்து, இரண்டு சோடிச் செருப்பைத் தேய்த்து, கடைசியில் அரசாங்கத்துக்கு ஒரு சைபரைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவனுடைய உத்தியோகம் அப்படிப்பட்டது. நாடு ஒரு வருடத்தில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் எவ்வளவு செலவழிக்கிறது என்று அளக்கவேண்டும். நாடு உழைக்கிற நூறு ரூபாயில் பத்துப் பன்னிரண்டு சதந்தான் அந்தப் பக்கம் போகிறது என்று கொழும்பிலே பேச்சு. பல்கலைக்கழகங்களையும் கம்பனிகளையும் வேறு ஆட்கள் அளந்தார்கள். அவர்களுக்குக் குளிரூட்டிய அறையும் தேத்தண்ணியும் கிடைத்தன. பிரகலாதனுக்குக் கிடைத்தவை வீடுகள். மிச்ச ஆராய்ச்சியைச் சனங்கள் வீட்டுக்குள்ளே ஒளித்து வைத்துச் செய்கிறார்களோ என்று மேலிடத்தில் யாரோ ஒரு பெரியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்துக்கு 'வீட்டுத்துறை' என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு படிவமும் அச்சடித்து, படிவத்தைத் தூக்கிக்கொண்டு திரிய ஒப்பந்த அடிப்படையில் ஆளும் எடுத்தார்கள். அந்த ஆள்தான் இவன்.

அளவீட்டுப் பிரிவின் தலைவி உதயகலா மேடம். அந்த முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைக்க வேண்டுமென்றால் மூன்று பிரதியில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கந்தோரில் கதை. அவர் பிரகலாதனைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"பிரகலாதன், சைபர் எண்டால் ரெண்டு கருத்து. ஒண்டு, ஒரு வீட்டிலையும் ஆராய்ச்சி நடக்கேல்லை. மற்றது, நீங்கள் ஒரு வீட்டுக்கும் போகேல்லை. கொழும்பு ரெண்டாவதைத்தான் நம்புது."

"போனனான் மேடம். செருப்பைக் காட்டட்டோ?"

"செருப்புக்குப் படிவத்திலை இடமில்லை. உங்கடை ஒப்பந்தம் ஜூன் முப்பதோடை முடியுது. இந்தமுறை ஒரு வீடாவது அகப்பட்டால், நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதுவன். திரும்பவும் சைபர் எண்டால் நான் எழுதத் தேவையில்லை, அவையே எழுதுவினம்."

நிரந்தரம் என்ற சொல்லைப் பிரகலாதன் இறுகப் பிடித்துக்கொண்டான். காரணம் அரியாலையில் இருந்தது. அங்கே நிவேதனா என்று ஒரு பெண்பிள்ளை. பிள்ளைக்கு அவனில் விருப்பம். சாதகங்கள் இரண்டும் பொருந்தியிருந்தன. இடையில் குறுக்கே நின்றது பிள்ளையின் தாய் மீனாம்பிகை மட்டுந்தான். அந்த மனுசி போன தை மாதம் அவனுக்குத் தட்டு நிறையப் பலகாரம் வைத்துவிட்டு, அவன் முதற்கடி கடிக்கும்வரை பார்த்திருந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, வேலை நிரந்தரமோ?"

பிரகலாதன் பயித்தம் பணியாரத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தான்.

"குறை நினையாதையும். என்ரை தமக்கையைக் கட்டினவரும் தற்காலிகந்தான். முப்பத்தொரு வருசம் தற்காலிகமா வேலை செய்தார். செத்ததும் தற்காலிகமாத்தான் செத்தார், பென்சன் வரேல்லை. நிரந்தரக் கடிதத்தைக் கொண்டாரும், நான் அண்டைக்கே ஐயரிட்டை நாள் கேக்கிறன். ஆவணிக்குள்ளை வரேல்லையெண்டால், ஜேர்மனியிலை இருந்து ஒரு சம்பந்தம் வந்து நிக்குது, அதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

இவ்வளவையும் தலைக்குள்ளே வைத்துக்கொண்டு, ஜூன் முதலாந் திகதி பிரகலாதன் திருநெல்வேலியில் தான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டான். இந்தமுறை உடுப்பிட்டிப் பக்கம் அறுபது வீடு. பைக்குள்ளே முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு கைந்நூல். எது ஆராய்ச்சி, எது ஆராய்ச்சி இல்லை என்று தீர்மானிக்க அதிலே ஐந்து கேள்விகள் இருந்தன. தேடுவது புதிதா? சொந்தப் புத்தியால் தேடுகிறாரா? முடிவு முன்கூட்டித் தெரியாததா? ஒழுங்குமுறையாகச் செய்கிறாரா? இன்னொருவர் பார்த்துச் செய்யும்படி எழுதி வைத்திருக்கிறாரா? ஐந்துக்கும் 'ஓம்' வந்தால்தான் அது ஆராய்ச்சி. நான்குக்கு வந்தால் அது சும்மா ஒரு செலவு.

முதல் வீட்டில் ஒரு தாய், கனடாவிலிருக்கிற மகன் யாரோடு திரிகிறான் என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு எழுபதினாயிரம் கொடுத்திருந்தா. நல்ல தொகை. ஆனால் அந்தச் சங்கதி உடுப்பிட்டிச் சந்தியில் எல்லாருக்கும் முதலே தெரிந்திருந்தது. முதற் கேள்வியிலேயே அடிபட்டுப் போய்விட்டது. ஒன்பதாம் வீட்டுக்காரர் கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். நாலு பேரும் நாலு மூலையைக் காட்டினார்கள். அவர் நடுவிலே வெட்டினார். ஒழுங்குமுறை இல்லை. இருபத்திரண்டாம் வீட்டில் ஒரு அம்மா ஒவ்வொரு முறையும் கூழுக்குப் புதிதாக ஏதோ ஒன்றைப் போட்டு வந்தா.

"ஏனம்மா இதைப் போட்டனீங்கள்?" என்று பிரகலாதன் பேனையை நீட்டிக்கொண்டு ஆவலோடு கேட்டான்.

"இருந்தது, போட்டன்."

பேனையை மூடினான்.

ஐம்பத்தேழு வீடு போய்விட்டது. ஐம்பத்தேழும் சைபர். திகதியோ இருபத்தொன்று. ஐம்பத்தெட்டாம் வீட்டுப் படலையைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"தலைக்கவசத்தைக் கழட்டாதையும்!" என்று ஒரு சத்தம் வந்தது.

வளவுக்குள்ளே ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரம். அதற்குக் கீழே கதிரை. கதிரையில் வேட்டி கட்டி, வெறும் மேலோடு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்ட ஒரு எழுபது வயது மனிதர். இடதுபக்கம் ஆளுயர மின்சாரக் காத்தாடி ஒன்று, வலதுபக்கம் இன்னொன்று. மடியிலே ஒரு தடித்த கொப்பி. காலடியில் ஒரு நாய், பாவம், அதற்குத் தலைக்கவசம் இல்லை.

இவர்தான் பரமலிங்கம். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர்.

"ஐயா, நான் அரசாங்கக் கச்சேரிப் பக்கமிருந்து வாறன். போன வருசம் நீங்கள் ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஏதும் செலவழிச்சனீங்களோ?"

இந்தக் கேள்வியை அவன் அதுவரை ஐம்பத்தேழு முறை கேட்டிருந்தான். ஒருவரும் அழவில்லை. பரமலிங்கத்தின் கண் கலங்கியது.

"பதினொரு வருசமா இந்தக் கேள்வியை ஒருத்தன் வந்து கேப்பான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், தம்பி. இரும்."

விசயம் இதுதான். மரத்தின் அடி பரமலிங்கத்தின் காணியில். மரத்தின் கொப்புகள் பாதிக்கு மேல் வேலிக்கு அங்காலே, சின்னத்தங்கத்தின் வளவுக்கு மேலே. சின்னத்தங்கம் தபால் அதிபராக இருந்து இளைப்பாறிய மனுசி. பதினொரு வருடத்துக்கு முன்னர் இருவரும் வழக்குக்குப் போனார்கள். வழக்கில் இரண்டு பேருமே வென்றார்கள். மரத்தில் ஏறினால் தன்னுடைய கிணற்றடி தெரிகிறது, குளிக்க முடியவில்லை என்று அந்த அம்மா சொன்னா. ஆகவே மரத்தில் ஒருவரும் ஏறக்கூடாது என்று தீர்ப்பு. மரம் தன்னுடையது என்று இவர் சொன்னார். ஆகவே அந்த அம்மா மரத்தில் ஒரு இலையைக் கூடத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. பழம் கொய்கிற கொக்கத்தடிக்குத் தடை. வலை கட்டத் தடை. கல்லெறியத் தடை. பழம் தானாக எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தாருக்குச் சொந்தம்.

அன்றுதொட்டு இரண்டு பேரும் தங்கள் தங்கள் பக்கத்தில் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பழம் விழுகிறது தெரியும். எங்கை விழும் எண்டதுதான் என்ரை ஆராய்ச்சி," என்றார் பரமலிங்கம். கொப்பியை விரித்தார். பழத்துக்கு ஒரு வரி. காம்பின் உயரம், காற்றின் திசை, விழுந்த இடம் வேலியிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம். ஐந்தாம் வருடம் மரத்துக்கு எதிரே அலுமாரிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, வெயிலைத் திருப்பி அடித்து, கொப்பைத் தன் பக்கம் வளைக்கப் பார்த்திருக்கிறார். கொப்பு நாலு அங்குலம் திரும்பியது. திரும்பிய கொப்பு கண்ணாடியில் தன்னைக் கண்டது. அதற்குப் பிறகு அசையவில்லை, அழகு பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. எட்டாம் வருடம் வௌவால்களுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழக்கினார். பழத்தைக் கொய்து இந்தப் பக்கம் போடவேண்டும் என்பது ஏற்பாடு. வௌவால்கள் வாழைப்பழத்தையும் தின்று மாம்பழத்தையும் தின்று, கொட்டையை மட்டும் நேர்மையாக இந்தப் பக்கம் போட்டன. இப்போது பழத்தை இந்தப் பக்கம் தள்ளக் காத்தாடி. மின்சாரம் நின்றால் காத்தாடியும் நின்றுவிடும் என்பதால் கூரையில் சூரியத் தகடு. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு.

பிரகலாதன் ஐந்து கேள்வியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். ஓம். ஓம். ஓம். ஓம். ஓம். அவனுக்கு நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் ஆராய்ச்சியிலை இருப்பியள்?"

"காலமை அஞ்சிலை இருந்து பின்னேரம் ஆறு மட்டும்."

பிரகலாதன் வகுத்துப் பார்த்தான். "முழுநேர ஆளாக் கணக்குப் பாத்தால், நீங்கள் ஒண்டு தசம் ஆறு ஆள். ஆனால் கைந்நூலின்படி ஓராள் ஓராளுக்கு மேலை வரக்கூடாது. ஒண்டு எண்டு போடுறன்."

"ஏன் குறைக்கிறீர்? சங்கக்கடையிலை நான் மூண்டு பேற்றை வேலை செய்தனான்."

அப்போதுதான் வேலிக்கு அங்காலிருந்து ஒரு பெண்குரல், எவரையும் குறிக்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

"பாத்தியோ கோழி, கச்சேரியிலை இருந்து ஆள் வந்து நிக்குது. எழுத்துத் தெரியாதவையின்ரை கொப்பியைப் பாக்குதாம்."

பரமலிங்கம் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நாயைப் பார்த்தார். "கேட்டியோடா? எட்டு வருசம் ஊராற்றை கடிதத்தை ஆவியிலை பிடிச்சுப் படிச்ச ஆக்கள் எழுத்தைப் பற்றிக் கதைக்கினம்."

பிரகலாதனுக்கு மெல்லப் பிடிபட்டது. பதினொரு வருடமாக இரண்டு பேரும் நேரே ஒரு சொல் பேசியதில்லை. அவர் நாயோடு கதைப்பார், அந்த அம்மா கோழியோடு கதைப்பா. நாயும் கோழியும் தங்களுக்குள்ளே எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளாலே போய்வந்துகொண்டிருந்தன.

ஐம்பத்தொன்பதாம் வீடு சின்னத்தங்கத்தினுடையது. அந்த அம்மாவும் தலைக்கவசம் போட்டிருந்தா. மேசையிலே தபால்கந்தோர்த் தராசு.

"அந்தக் காணிக்காறர் எவ்வளவு செலவெண்டு சொன்னவர்?"

"அது சொல்லக் கூடாதம்மா. இரகசியம். சட்டத்திலை இருக்கு."

"ஒம்பது லட்சத்துப் பத்தாயிரம் எண்டு சொன்னது இஞ்சை கேட்டது. எனக்கு ஒம்பது தொண்ணூறு. பற்றுச்சீட்டு எல்லாம் இருக்கு, எழுதும்."

உண்மையில் இருந்தது. சின்னத்தங்கத்தின் ஆராய்ச்சி வேறு. எங்கே விழும் என்பதில் அந்த அம்மாவுக்கு அக்கறை இல்லை. எப்போது விழும் என்பதே கேள்வி. பதினொரு வருடத்தில் தன் பக்கம் விழுந்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பழத்தையும் நிறுத்து, நேரம் போட்டு, காரணம் எழுதி வைத்திருந்தா. பிரகலாதன் காரணம் என்ற நிரலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தான். எல்லா வரியிலும் ஒரே காரணம்: 'சத்தம்.'

"என்ன சத்தமம்மா?"

"அவற்றை சத்தந்தான். சங்கக்கடையிலை சனத்தை வெருட்டிப் பழகின தொண்டை. அவருக்குக் கோவம் வந்து வாயைத் திறந்தால், பழுத்த காம்பு கழரும். முதல் ரெண்டு வருசம் நான் நம்பேல்லை. பிறகுதான் பரிசோதிச்சுப் பாத்தனான்."

"எப்பிடிப் பரிசோதிச்சனீங்கள்?"

"கோவப்படுத்திப் பாத்தன்."

செலவெல்லாம் அதற்குத்தான். அவர் கேட்டு வாங்கமுடியாமற் போன ஆட்டுக்கடாவை இவ கூடிய விலைக்கு வாங்கி வேலியோடு கட்டினா. அவருடைய வீட்டுச் சுவரின் நிறத்தையே தன் மலசலகூடத்துக்கு அடித்தா. அவருக்குப் பிடிக்காத அரசியல்வாதியின் பேச்சைப் போட ஒலிபெருக்கி ஒன்று. அது மட்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் பதினாறு பழம் விழுத்தியதாகக் கொப்பி சொன்னது.

பிரகலாதன் கைந்நூலைப் புரட்டினான். கோபமூட்டும் செலவு மூலதனச் செலவா, மீண்டுவரும் செலவா என்று முந்நூறு பக்கத்தில் எங்கும் இல்லை. ஆட்டுக்கடாவை மூலதனத்தில் போட்டான். பேச்சை மற்றதில் போட்டான். ஐந்து கேள்விக்கும் இங்கேயும் ஓம்.

அறுபதாம் வீடு வழமையான சைபர். இந்த இரண்டு வீடும் சேர்ந்து பத்தொன்பது இலட்சம். படிவத்தைக் கொண்டுவந்து உதயகலா மேடத்தின் மேசையில் வைத்தபோது பிரகலாதன் ஒரு சாண் வளர்ந்திருந்தான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கொழும்பிலே ஒரு கணினி. அந்தக் கணினிக்கு, கேட்கப்பட்ட ஒவ்வொரு வீடும் கேட்கப்படாத ஆயிரத்து இருநூறு வீடுகளுக்குச் சமன். அது இரண்டு வீட்டையும் ஆயிரத்து இருநூறால் பெருக்கியது. அதன் கண்ணுக்கு வடக்கிலே இரண்டாயிரத்து நானூறு வீடுகளில் தலைக்கவசம் போட்ட மனிதர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருநூற்று இருபத்தெட்டுக் கோடி ரூபாய். நூறு ரூபாயில் பன்னிரண்டு சதம் என்று கிடந்த நாட்டின் எண் எழும்பிப் பதின்மூன்றை எட்டிப் பார்த்தது. எந்தத் துறையில் இதைப் போடுவது என்று தெரியாமல் கணினி புதிதாக ஒன்றைத் திறந்து அதற்குப் பெயரும் வைத்தது: மாம்பழ விழுகைத் துறை.

இருபத்தேழாந் திகதி காலை உதயகலா மேடத்துக்குத் தொலைபேசி வந்தது. அவர் எழும்பி நின்றே கேட்டார், வைத்தார், பிரகலாதனைப் பார்த்தார்.

"நேரிலை பாத்து உறுதிப்படுத்தட்டாம். உண்மையெண்டால் அந்தத் துறை இருக்கும், துறைக்கு ஒரு நிரந்தர உத்தியோகத்தரும் இருப்பார். ஐஞ்சு கேள்வியிலை ஒண்டு பிழைச்சாலும் முழுக்கச் சைபர். தலைக்கவசம் இருக்கோ?"

உடுப்பிட்டியில் முதற் சிக்கல் எந்தப் படலையால் போவது என்பது. பரமலிங்கம் தன் படலையில் செம்போடு நின்றார், சின்னத்தங்கம் தன் படலையில் தட்டத்தோடு நின்றா. உதயகலா மேடம் அனுபவசாலி. வாகனத்திலிருந்து மடக்குக் கதிரையை எடுத்து, இரண்டு வளவுக்கும் நடுவில், வேலி ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், முடிகிற இடத்தில் போட்டு இருந்தார். ஒரு வீட்டிலும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு கொப்பிகளும் அவருடைய மடிக்கு வந்தன.

ஒரு மணித்தியாலம் படித்தார். பிறகு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். அங்கேதான் வினை வந்தது.

"'ஆடி எட்டு. காத்தாடி தானாக நின்றது. வயரைக் காற்று அறுத்திருக்கலாம்.'"

வேலிக்கு அங்காலே சின்னத்தங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழியைப் பார்க்க மறந்து, நேரே சொல்லிவிட்டா. "காத்தில்லை அண்ணை. கோழியை விட்டுக் கொத்துவிச்சனான். வயரிலை சோறு பூசி."

பரமலிங்கம் பதினொரு வருடத்தில் முதல்முறையாக வேலிக்கு மேலால் பார்த்தார். "சோறோ? அட, அது எனக்கு ஓடேல்லை, தங்கம். கெட்டிக்காறி."

"நீங்கள் வௌவாலுக்கு வாழைப்பழம் குடுத்தனீங்களெண்டு இப்பதான் கேள்விப்படுறன். நான் அதுகளுக்குப் பப்பாப்பழம் வைச்சனான், உங்கடை பக்கம் போகாமல்."

"அதுதானே பாத்தன், ஏன் அதுகள் ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு வருதுகள் எண்டு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாய் எழும்பி நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தன்னோடு இனி யார் கதைப்பார்கள் என்று அதற்கு விளங்கவில்லை.

உதயகலா மேடம் இரண்டு கொப்பியையும் பக்கம் பக்கமாக வைத்து, விரலை இங்கேயும் அங்கேயும் ஓட்டினார்.

"இது எங்கை விழும் எண்டு சொல்லுது. இது எப்ப விழும் எண்டு சொல்லுது. இவ்வளவு நாளும் ஒருத்தற்றை கொப்பியை மற்றவர் பாக்காதபடியாலைதான் முடிவு வரேல்லை. ரெண்டையும் சேத்தால் எந்தப் பழம் எப்ப எங்கை விழும் எண்டு எழுதியே குடுக்கலாம். உங்கடை ஆராய்ச்சி வெற்றி!"

"அப்ப பாதி பாதியாப் பங்கு போடலாம் அண்ணை," என்றா சின்னத்தங்கம்.

"ஏன் பாதி? நீ கூட எடு, எனக்குச் சீனி வருத்தம்," என்றார் பரமலிங்கம்.

உதயகலா மேடம் பேனையை மூடினார். "நல்ல விசயம். ஆனால் பிரகலாதன், மூண்டாம் கேள்வி போச்சு. முடிவு தெரிஞ்சால் அது ஆராய்ச்சி இல்லை, பழம் பொறுக்கிற வேலை. சைபர்தான் போடவேணும். பாவம் நீங்கள்."

பிரகலாதன் அண்ணாந்து பார்த்தான். கொப்புகளில் பழம் நிறைந்து கிடந்தது, ஒன்றும் விழவில்லை. சமாதானம் அப்படி. இலைகளுக்கு நடுவே அவனுக்கு மீனாம்பிகையின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஜேர்மனி தெரிந்தது.

குடாநாட்டில் பிறந்தவன் எவனுக்கும் ஒன்று தெரியும். பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர் சிரித்துக் கதைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்கக்கூடாத கேள்வி ஒன்றிருக்கிறது. சாவீட்டில் கேட்டாலும் கேட்கலாம், கலியாண வீட்டில் கேட்டாலும் கேட்கலாம், இங்கே கேட்கக்கூடாது. பிரகலாதன் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினான். படிவத்தில் ஏதோ விடுபட்டதுபோல ஒரு பக்கத்தைத் திருப்பினான். அப்பாவியாகக் கேட்டான்.

"எல்லாம் சரி… இந்த வேலி ஆற்றை?"

ஒழுங்கையில் போன ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்.

"என்ரை," என்றார் பரமலிங்கம்.

"என்ரை," என்றா சின்னத்தங்கம்.

"உன்ரையோ? எழுபத்தெட்டிலை என்ரை அப்பர் நட்ட வேலிக் கதியால்!"

"நட்டது அவர்தான். நட்டது ஆற்றை காணிக்குள்ளை? எங்கடை பக்கம் நாலு விரல் தள்ளி நட்டதை என்ரை அம்மா அடுப்படியிலை இருந்து பாத்தவ!"

"நாலு விரலோ? கிடுகு வேண்டி வருசாவருசம் வேலி அடைக்கிறது ஆர்? நீயோ? உன்ரை கோழியோ?"

"அடைக்கிற சாட்டிலை வருசாவருசம் அரை விரல் நகத்திறது ஆர்? கணக்குப் பாத்தால் இண்டைக்கு நீங்கள் என்ரை கிணத்துக்குள்ளை நிக்கவேணும்!"

பரமலிங்கத்தின் கழுத்து நரம்பு எழும்பியது. சங்கக்கடை வரிசையில் கடைசியில் நின்றவனையும் நடுங்க வைத்த அந்தத் தொண்டை முழுதாகத் திறந்தது.

"பொய்யடி!"

மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னத்தங்கம் சண்டைக்கு நடுவிலும் மணிக்கூட்டைப் பார்த்தா. எல்லாரும் அண்ணாந்தார்கள். பழம் ஒன்று காம்பு கழன்று இறங்கியது. வலதுபக்கக் காத்தாடி அதை இங்காலே தள்ளியது. ஒழுங்கைக் காற்று அங்காலே தள்ளியது. பழம் இரண்டு மனமாகச் சுழன்று வந்து, நேரே வேலியின் மேல், ஒரு பூவரசங் கதியாலின் கவட்டுக்குள்ளே, பானைக்கு மூடி வைத்தமாதிரி இருந்துகொண்டது.

இங்காலேயும் விழவில்லை. அங்காலேயும் விழவில்லை.

"நானூற்றுப் பத்துக் கிராம்," என்றா சின்னத்தங்கம் கண்ணாலேயே நிறுத்து. "என்ரை."

"தொட்டுப்பார்!" என்றார் பரமலிங்கம்.

ஒருவரும் தொடவில்லை. தொட்டால் வழக்கு. உதயகலா மேடம் முதற் கொப்பியைத் திறந்து தேடினார். வேலிக்கு இந்தப் பக்கம் என்று ஒரு நிரல், அந்தப் பக்கம் என்று ஒரு நிரல். மேலே என்று ஒரு நிரல் இல்லை. இரண்டாம் கொப்பியிலும் இல்லை. பதினொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பழங்களில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

"வேலிக்கு மேலை விழுந்தால் ஆருக்கு?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் மேடத்தின் மடியிலிருந்த கொப்பிகளை எட்டிப் பார்த்தார்கள்.

உதயகலா மேடம் பேனையைத் திரும்பத் திறந்தார். கேள்வி புதிது. ஓம். சொந்தப் புத்தி இனித்தான் வேண்டும். ஓம். முடிவு தெரியாது. அவர் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு முகத்தையும் பார்த்து, 'எவருக்கும் தெரியாது' என்று திருத்தினார். ஒழுங்குமுறைக்குப் பரமலிங்கம் புதுப்பக்கத்தில் ஏற்கெனவே கோடு போட்டுக்கொண்டிருந்தார். எழுத்துக்குச் சின்னத்தங்கம் புதுக்கொப்பி எடுக்க வீட்டுக்குள்ளே போய்விட்டா. அப்போது, எவரும் விண்ணப்பிக்காமலே, மேடத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வாகனத்தில் ஏறும்வரைக்கும் இருந்தது.

திரும்பி வரும் வழியில் பிரகலாதனுக்குப் பாவம் என்று ஒரு சின்ன எண்ணம் வந்தது. சேர்ந்த இரண்டு பேரைப் பிரித்துவிட்டோமே என்று. வல்லை வெளியில் அன்றைக்கு நல்ல காற்று. அந்த எண்ணம் அங்கேயே எங்கோ பறந்து போய்விட்டது.

கடிதம் ஆவணி பிறந்து நாலாம் நாள் வந்தது. பிரகலாதன் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அரியாலைக்குப் போனான். மீனாம்பிகை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் வாசித்தா. பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தா.

"இதென்ன தம்பி? 'மாம்பழ விழுகைத் துறையில், மேற்படி ஆராய்ச்சி ஒரு முடிவுக்கு வரும்வரை நிரந்தரமாக' எண்டு கிடக்கு. முடிவுக்கு வந்தால்?"

"வந்தால்… வேலை முடிஞ்சுதம்மா."

உள்ளறைக் கதவுத் திரை அசைந்தது. நிவேதனாவின் கால்விரல் கீழே தெரிந்தது.

மீனாம்பிகை கடிதத்தை மடித்தா. ஜேர்மனிக்காரரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு மேசையில் பூச்சாடிக்குக் கீழே கிடந்தது. அதை ஒருமுறை பார்த்தா.

"அப்பிடி என்ன ஆராய்ச்சி அது?"

"உடுப்பிட்டியிலை பக்கத்துப் பக்கத்துக் காணிக்காறர் ரெண்டு பேர், அம்மா. ஒரு மாம்பழம் வேலிக்கு மேலை விழுந்திட்டுது. ஆருக்குச் சொந்தம் எண்டு கண்டுபிடிக்கினம்."

"அவை கதைச்சுத் தீத்துப்போட்டால்?"

"வேலி ஆற்றை எண்டதிலை நிக்குதம்மா."

மீனாம்பிகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு பூச்சாடியைத் தூக்கி, அந்தத் துண்டை எடுத்து நாலாகக் கிழித்தா.

"வேலியோ?"

"ஓம்."

"அதை முதலே சொல்லக்கூடாதோ, தம்பி?" என்றா மீனாம்பிகை. "பென்சனும் வரும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தா: "பிள்ளை, தம்பிக்குப் பலகாரம் கொண்டா. சாப்பிடட்டும். நான் ஐயரிட்டை ஒருக்காப் போயிட்டு வாறன்."